ரீகால் வேறு, சர்வீஸ் புல்லட்டின் வேறு!

ஒரு கார் கம்பெனி, தான் விற்ற வண்டியில் ஏதோ குறை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன? அமெரிக்காவில் இதற்கு இரண்டு வழிகள். ஒன்று ரீகால், இன்னொன்று சர்வீஸ் புல்லட்டின். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நிறைய!

ரீகால் என்பது சட்டம். குறை பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று முடிவானால், 5 வேலை நாட்களுக்குள் என்.ஹெச்.டி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பிடம் சொல்லியாக வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தபாலில் கடிதம் போக வேண்டும். வாரண்டி முடிந்திருந்தாலும் 15 வருடம் வரை ரிப்பேர் இலவசம்.

புல்லட்டின் அப்படியல்ல. அது கம்பெனி தன் டீலருக்கு எழுதும் குறிப்பு. "இந்த மாதிரி சத்தம் வருதுன்னு யாராவது வந்தா, இதை மாத்துங்க" என்கிற ரகம். யாராவது வந்தால்தான்! வாரண்டி முடிந்திருந்தால் பெரும்பாலும் பில் வண்டிக்காரர் தலையில். ஏ.சி. நாற்றத்துக்கு இது போதும், தப்பில்லை.

சிக்கல் என்னவென்றால், எந்தக் குறை எந்த ரகம் என்று முதலில் முடிவு செய்வது கம்பெனியேதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் கதையைப் பாருங்கள். செவர்லே கோபால்ட் காரில் சாவி போடும் சுவிட்ச் லூஸ். சாவிக்கொத்து கனமாக இருந்தால் ஓடும்போதே சாவி திரும்பிவிடும். எஞ்சின் நிற்கும், ஏர்பேக் விரியாது. 2005 டிசம்பரில் கம்பெனி புல்லட்டின்தான் விட்டது: சாவிக்கொத்தில் உள்ள கனமானவற்றைக் கழற்றச் சொல்லுங்கள், சாவித் துளைக்கு ஒரு சின்ன அடைப்பு கொடுங்கள். அதை வாங்கிப் போனவர்கள் 474 பேர். 2014-ல் ரீகால் வந்தபோது வண்டிகள் சுமார் 26 லட்சம்!

நடுவில் போன உயிர்கள்? நஷ்டஈட்டு நிதியின் கணக்கில் 124. சுவிட்சைச் சரிசெய்ய ஒரு டாலர்கூட ஆகாது. 2015-ல் அரசுக்குக் கட்டியது 90 கோடி டாலர். லாப நஷ்டக் கணக்கு மட்டும் பார்த்தாலும் இது மகா மட்டமான சிக்கனம்.

புல்லட்டின் நகல்களும் என்.ஹெச்.டி.எஸ்.ஏ.வுக்குப் போயாக வேண்டும், அதன் தளத்தில் யாரும் தேடலாம். அங்கே பழைய கார் வாங்குபவர் 17 இலக்க எண்ணைத் தட்டி, "ரீகால் இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. புல்லட்டினையும் ஒரு கண் பார்த்துவிட வேண்டும். கோபால்ட்டின் குறை எட்டு வருஷம் அங்கேதான் கிடந்தது.