அலுமினிய டம்ளரும் பேப்பர் கப்பும்

வெப்பக் கடத்தலுக்குப் பள்ளிப் பாடத்தில் சொல்லும் உதாரணம், கொதிக்கும் குழம்பில் கிடக்கும் கரண்டி. அய்யலூர் பக்கத்துக் காலனிகளில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பாடம் டீக்கடை அலுமினிய டம்ளரில் தொடங்கியது.

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. அப்பாவோடு நடந்து வரும்போது வழியில் ஒரு கிராமத்து டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்களுக்குக் கூரையில் செருகி வைத்திருக்கும் அலுமினிய டம்ளர். நாமே எடுத்து, கழுவி நீட்ட வேண்டும். டம்ளரில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து டீயை ஊற்றுவார்கள். "அங்கிட்டுத் தள்ளி நின்னு குடி" என்பார் அப்பாவைவிட இளையவரான கடைக்காரர். "சரிங்க சாமி" என்பார் அப்பா.

அந்த டம்ளரை வெறுங்கையில் பிடிக்க முடியாது. அப்பா இடுப்பில் கட்டியிருந்த துண்டின் நுனியைச் சுற்றித்தான் பிடிப்பார். ஊருக்குள் துண்டைத் தோளில் போட எங்களுக்கு அனுமதியில்லை. ஆனால், அந்தத் துண்டுதான் கையைக் காப்பாற்றியது.

ஏன் அப்படிச் சுட்டது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பொருளின் சூடான பகுதியில் அணுக்கள் வேகமாக அதிரும். அந்த அதிர்வு பக்கத்து அணுவுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கைமாறிப் போகும். கண்ணாடியில் இது மட்டும்தான் வழி, அதனால் மெதுவாக நடக்கும். அலுமினியம் போன்ற உலோகங்களில் எந்த அணுவோடும் கட்டுப்படாத எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அவை சூட்டைச் சுமந்துகொண்டு ஓடும். எந்தப் பொருள் எவ்வளவு கடத்தும் என்பதை வெப்பக் கடத்துத்திறன் என்ற எண்ணால் சொல்வார்கள். அலுமினியத்துக்கு அது சுமார் 237, எவர்சில்வருக்குச் சுமார் 15, கண்ணாடிக்குச் சுமார் 1, அசையாத காற்றுக்கு 0.026.

இந்த எண்களை டீக்கடையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி கிளாஸில் முக்கால் அளவு டீ ஊற்றினால், டீ படாத விளிம்பு அவ்வளவாகச் சுடாது. இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படிக்கலாம். அலுமினிய டம்ளரில் அடியும் விளிம்பும் கொஞ்ச நேரத்தில் ஒன்றாகச் சுடும். விரலும் சுடும், உதடும் சுடும். துண்டு காப்பாற்றியதற்குக் காரணம், பருத்தி நூலுக்கிடையே சிக்கியிருக்கும் காற்று.

அப்படியானால் சூடுதான் எங்கள் பிரச்சினையா? தாத்தா காலத்தில் அலுமினிய டம்ளர்கூடக் கிடையாது, தேங்காய்ச் சிரட்டைதான். சிரட்டை மரக்கட்டையைப் போல, சூட்டை எளிதில் கடத்தாது. கை சுடாது. அதற்காகச் சிரட்டையில் குடித்த தாத்தாவை அப்பாவைவிடக் கௌரவமாக நடத்தினார்கள் என்று சொல்ல முடியுமா?

இப்போது பேப்பர் கப் வந்திருக்கிறது. காகிதமும் சூட்டைக் குறைவாகக் கடத்தும் பொருள்தான். "இப்ப எங்கண்ணே ரெட்டைக் குவளை? அதெல்லாம் அந்தக் காலம்" என்று என்னிடமே சொல்கிறார்கள். எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுக்கும் கடையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஊர்த் தெருக்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரருக்குக் கேட்காமலேயே பேப்பர் கப் என்றால், அது சுகாதாரம் இல்லை, தீண்டாமை. கழுவத் தேவையில்லாத, குடித்ததும் தூக்கி எறிகிற இரட்டைக் குவளை. கை சுடவில்லை என்பதால் அது குற்றம் இல்லை என்று ஆகிவிடாது.

சட்டமும் டம்ளர் எதனால் செய்தது என்று கேட்பதில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆவது பிரிவில், உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதையே குற்றமாக்கி, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை சொல்கிறது. "எங்களுக்குப் பேப்பர் கப்பே வசதி" என்று நம் ஆட்களையே சொல்ல வைத்து விசாரணையை முடித்துவிடும் அதிகாரிகளுக்கு இதை எழுத்தில் நினைவூட்ட வேண்டும்.

உலோகமோ காகிதமோ, அதைப் பிடித்திருப்பவன் என்ன சாதி என்று பார்த்துச் சூட்டைக் கடத்துவதில்லை. எந்தக் கைக்கு எந்தப் பொருள் என்று பிரிக்கிறவர் கடைக்காரர். அதனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். டீக்கடைக்குப் போனால் உங்கள் கையில் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் கையையும் பாருங்கள். அவருக்குக் கண்ணாடி கிளாஸ் என்றால், "எனக்கும் கிளாஸிலேயே கொடுங்க" என்று கேளுங்கள். மறுத்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். புகார் எழுத நான் வருகிறேன்.