யார்க் கணக்கில் முதலிடம்

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் காலால் உதைப்பது அருமையாகவே நிகழும். கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும் முட்டி மோதுவதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. றகர் பார்த்துப் பழகிய இலங்கையருக்கு அது ஓரளவு பிடிபடலாம். மற்றவர்களுக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். மைதானத்தின் நீளம் 100 யார். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யாராவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எறிந்தும் ஓடியும் கடந்த தூரத்தைக் கூட்டினால் வருவதே ஓர் அணியின் மொத்த யார். என்.எஃப்.எல். என்ற தேசிய லீக் தனது 32 அணிகளின் தாக்குதல் பிரிவுகளையும் தடுப்புப் பிரிவுகளையும் நெடுங்காலமாகத் தரப்படுத்தி வருவது இந்தத் தூரத்தை வைத்துத்தான், பெற்ற புள்ளிகளை வைத்தல்ல.

கலிபோர்னியாவில் வாழும் என் மருமகன் சாஜர்ஸ் அணியின் பக்தன். அந்த அணி 2017இல் சான் டியேகோவை விட்டு லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தபோது ஊர் மாறியவன்போல் துயரப்பட்டவன். பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் அவன் கேட்பது ஒரே கேள்விதான்: "மாமா, இந்தமுறை எங்கட ஆக்கள் லீக்கிலேயே கூடின யார் எடுப்பினமோ?"

எடுக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முன்னரே எடுத்துக் காட்டியவர்கள் அவர்கள். 2010 பருவத்தில் 16 ஆட்டங்களில் சராசரியாக 395 யாருக்கு மேல் கடந்து லீக்கில் முதலிடம் பெற்றார்கள். வின்சன்ட் ஜக்சன் என்ற முக்கியமான பந்தேற்பாளர் சம்பளப் பிணக்கால் பருவத்தின் பெரும்பகுதி களத்தில் இல்லாத நிலையிலும், குவாட்டர்பேக் பிலிப் றிவர்ஸ் 4,710 யார் எறிந்து அதிலும் முதல்வரானார். அதைவிட வியப்பு, அதே ஆண்டில் மிகக் குறைந்த யார் விட்டுக்கொடுத்த தடுப்புப் பிரிவும் அவர்களுடையதே. தாக்குதலிலும் முதல், தடுப்பிலும் முதல்!

அந்த அணி ஒன்பது ஆட்டங்களில் வென்று ஏழில் தோற்றது. இறுதிச் சுற்றுகளுக்கான வாசலைக்கூட அதனால் மிதிக்க முடியவில்லை.

எப்படி நேர்ந்தது? பந்தை உதைத்து அனுப்பும்போதும் அது திரும்பி வரும்போதும் களமிறங்கும் விசேட அணி என்று ஒன்றுண்டு. சாஜர்ஸின் நோய் அங்கேதான் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே கன்சாஸ் சிற்றியின் டெக்ஸ்டர் மக்லஸ்ரர், உதைத்தனுப்பிய பந்தை 94 யார் திருப்பி ஓடி டச்டவுன் செய்தார். முடிவு 21-14. மூன்றாவது ஆட்டத்தில் றிவர்ஸ் 455 யார் எறிந்தார். ஆயினும் சியாட்டிலின் லியோன் வோஷிங்டன் ஒருமுறை 101 யாரும் மறுமுறை 99 யாரும் ஓடினார். இரண்டாவது ஓட்டம் சாஜர்ஸ் பெரும்பாடுபட்டு 20-20 எனச் சமன் செய்த மறுகணமே நிகழ்ந்தது. 27-20. பின்னர் ஓக்லண்டில் முதற் கால்பகுதியிலேயே இரண்டு உதைகள் மறிக்கப்பட்டன. அங்கே 35-27. மூன்று தோல்விகளிலும் இடைவெளி எட்டுப் புள்ளிக்கு மேற்படவில்லை.

இங்கேதான் கணக்கின் சூது வெளிப்படுகிறது. வோஷிங்டன் ஓடிய இருநூறு யாரும் சாஜர்ஸின் தடுப்புப் பிரிவின் பேரேட்டில் ஒரு யாராகவும் பதிவாகாது; அது களத்திலேயே இல்லை. எதிரணி புள்ளி பெற்றதும் பந்து மீண்டும் றிவர்ஸின் கைக்கு வருகிறது. பின்தங்கிய அணி எறிந்தே ஆகவேண்டும். கடக்க வேண்டிய தூரமோ நெடியது. ஆகவே விசேட அணி செய்த பிழை, தாக்குதல் பிரிவின் யாரைக் கூட்டிக் காட்டவும் உதவியது. எதிரணியிடம் பந்தைப் பறித்து மைதானத்தின் நடுவில் ஆட்டத்தைத் தொடங்கும் அணிக்கு ஐம்பது யாருக்கு மேல் சேர்க்க இடமே கிடையாது.

பிராந்திய நிருபர்களுக்கு வரிக்கு இத்தனை சதம் என்று கொடுத்த காலம் நினைவுக்கு வருகிறது. ஒரு மாட்டுவண்டி விபத்துச் செய்தி மூன்று கிராமங்களின் பூர்வீகத்தோடு வந்து சேரும். வெட்டுவது எங்கள் வேலையாக இருந்தது.

அதற்காக யாரை முற்றாக ஒதுக்கிவிடவும் கூடாது. 2011இல் நியூ ஓர்லியன்ஸ் செயின்ற்ஸ் அணி 7,474 யார் கடந்து அதுவரை எவரும் எட்டாத சாதனை படைத்தது. 13 ஆட்டங்களில் வென்றது. நல்ல அணிகள் பொதுவாகத் தூரமும் கடக்கின்றன. ஆனால் 2012 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிடம் ஐந்து தடவை பந்தைப் பறிகொடுத்து 36-32 என்று வீழ்ந்ததும் அதே செயின்ற்ஸ்தான். பந்தைப் பறிகொடுப்பதையும் யார்க் கணக்கு கழிப்பதில்லை.

2010இல் சாஜர்ஸை வென்ற சியாட்டிலின் கதை இன்னும் விசித்திரமானது. யார்ப் பட்டியலில் அடிமட்டத்தை அண்டி நின்ற அந்த அணி, ஏழே வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடம் பெற்று இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. ஒன்பது வெற்றி பெற்ற றிவர்ஸ் வீட்டிலிருக்க, 2011 ஜனவரியில் அது நடப்புச் சம்பியனான செயின்ற்ஸைத் தன் சொந்த மைதானத்தில் 41-36 என்று தோற்கடித்து அனுப்பியது.