3,000 ரூபாய் டப்பாவும் பொட்டுக்கடலையும்

புரோட்டீன் என்றதும் நம்ம பசங்களுக்கு ஞாபகம் வருவது ஒரு பெரிய கறுப்பு டப்பாதான். ஒரு கிலோ சுமார் 3,000 ரூபாய். தினம் ஒரு ஸ்கூப் போட்டால் ஒரு மாதத்தில் காலி!

எங்க அனகாபுத்தூர் நெசவு ஊர். எங்க வீட்டிலும் தறிதான் சோறு போடுகிறது. தம்பி போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்குத் தயாராகிறான். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடணும், கயிறு ஏறணும். "பவுடர் இல்லாம உடம்பு தேறாதுப்பா" என்று கிரவுண்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மா தோட்டை அடகு வைக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

முதலில், எவ்வளவு தேவை? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு தினம் 0.83 கிராம். 60 கிலோ தம்பிக்கு 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் 72 கிராம். இட்லி, சோறு, ரசம் என்று ஓடும் வீட்டில் துண்டு விழுவது இங்கேதான்.

சரி, இப்போ எங்க வீட்டு ஷேக்:

1. பொட்டுக்கடலை 30 கிராம் - புரோட்டீன் 6.5 கிராம்
2. வறுத்த வேர்க்கடலை 20 கிராம் - 5 கிராம்
3. காய்ச்சி ஆறிய பால் 200 மில்லி - 6 கிராம்
4. ருசிக்கு ஒரு வாழைப்பழம்

கடலை இரண்டையும் முதலில் தண்ணீர் படாமல் பொடித்துக்கொள்ளுங்கள். பிறகு பாலும் பழமும் சேர்த்து ஒரு சுற்று. மொத்தம் 17.5 கிராம் புரோட்டீன், எங்க தெருக் கடை விலையில் சுமார் 20 ரூபாய். டப்பாவில் ஒரு ஸ்கூப் 24 கிராம், 100 ரூபாய். ஆக, கிராமுக்கு நமக்கு ஒரு ரூபாய் சொச்சம், டப்பாவுக்கு நாலு ரூபாய்.

பவுடர் சீக்கிரம் செரிக்கும், அது உண்மை. ஆனால் கடலையில் குறைகிற அமினோ அமிலங்களைப் பால் ஈடுகட்டிவிடும். கூடவே வரும் மாவுச்சத்தும் கொழுப்பும் ஓடுகிறவனுக்குத் தேவைதானே?

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 1950-களிலேயே மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு முக்கால் பங்கும் கடலை மாவு கால் பங்கும் கலந்து, வைட்டமின்கள் சேர்த்து ஒரு சத்துமாவு தயாரித்தது. ஏழைகளுக்கு மலிவாகப் புரோட்டீன் கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். அப்போது அதன் இயக்குநர் நம்ம வி. சுப்பிரமணியன்.

சில எச்சரிக்கைகள். பூஞ்சை பிடித்த, கசக்கிற வேர்க்கடலையைத் தூக்கி எறியுங்கள், அதில் அஃப்ளடாக்சின் என்ற விஷம் இருக்கலாம். பச்சை முட்டையை உடைத்து ஊற்ற வேண்டாம், வேகவைத்தால்தான் நன்றாகச் செரிக்கும். வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த ஷேக் வேண்டாம்.

2024-ல் வந்த உணவு வழிகாட்டியில் அதே ஊட்டச்சத்து நிறுவனம், உடம்பை ஏற்றப் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கும்படியே சொல்லியிருக்கிறது. அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தோடு காதிலேயே இருக்கிறது. தம்பியும் தினம் ஒரு டம்ளர் குடிக்கிறான். தேர்வில் என்ன ஆகுமோ தெரியாது. பவுடரும் சரி, பொட்டுக்கடலையும் சரி, அவனுக்காக ஓடாது :-)

டப்பா வாங்கும் முன், உங்க ஊர் விலையில் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.