கோ-கார்ட் வாங்கிய கதை

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதி வருபவன் நான். வரவுசெலவுத் திட்டம், போர்நிறுத்தம், ஆழிப்பேரலை என்று எத்தனையோ எழுதியாயிற்று. விளையாட்டுப் பக்கத்துக்கு மட்டும் ஆசிரியர்கள் என்னை ஒருபோதும் அனுப்பியதில்லை. அத்தகைய நான் ஒரு கோ-கார்ட் வாங்கினேன் என்பதை, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் என் அயல்வீட்டார் இன்னமும் நம்பவில்லை.

காரணம் என் மகன். வயது 11. வகுப்புத் தோழனின் பிறந்தநாளுக்குப் பண்டாரகமவிலுள்ள கார்ட் ஓடுதடத்துக்குப் போய்வந்தவன், அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வேறெதையும் பேசவில்லை. “அப்பா, எனக்கு ஒண்டு வேணும்” என்றான். உடனே மறுத்தேன். மறுத்த பின்னர்தான், அந்தக் குரல் என்னுடையதல்ல, என் தந்தையாருடையது என்பது உறைத்தது.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கை சற்றுச் சரிவானது. எங்கள் கோ-கார்ட் ஒரு பலகை, நான்கு பழைய பெயாரிங், திருப்புவதற்கு ஒரு கயிறு, அவ்வளவுதான். பெயாரிங்குகள் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் வேண்டாமென்று ஒதுக்கியவை. 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, நாங்கள் வீட்டை விட்டு வெளியேறியபோது எனக்கும் வயது 11. தந்தையாரின் கையில் ஒரு பை. தாயாரின் இடுப்பில் தங்கை. நான் வண்டியின் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். “அதை விடு” என்றார். விட்டேன்.

அகதி முகாம், கப்பல், காங்கேசன்துறை என்று போய், சில ஆண்டுகளின் பின் மீண்டும் கொழும்புக்கு வந்தோம். அதன் பிறகு அவருக்கு ஒரே விதிதான்: கொழும்பில் எதை வாங்கினாலும் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்டில்கூட மடக்குக் கட்டில். வெள்ளவத்தையில் பலருக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை.

மறுத்துவிட்டேனே தவிர, தொழிற்புத்தி விடவில்லை, படிக்கத் தொடங்கினேன். 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்ற பந்தயக்கார் தொழிலாளி, புல்வெட்டும் இயந்திரங்களுக்கான எஞ்சினொன்றைக் குழாய்ச்சட்டத்தில் பூட்டியதே முதல் கோ-கார்ட் எனப்படுகிறது. பிரேசிலின் அயர்டன் சென்னாவுக்கு நான்கு வயதில் முதல் வண்டியைச் செய்து கொடுத்தவர் அவரது தந்தை. அதற்கும் புல்வெட்டி எஞ்சின்தான். நம் பெயாரிங் வண்டிக்கும் இவற்றுக்கும் உறவு தூரத்து உறவல்ல என்று கண்டதும் மனம் சற்று இளகியது.

கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் பழைய நண்பர் ஒருவரின் துணையுடன், பாவித்த வண்டி தேடிப் புறப்பட்டோம். எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ வண்டியைச் சமதரையில் வைத்து, நான்கு சில்லும் தரையில் படுகின்றனவா என்று குனிந்து பார்த்தார். பிறகு அடிப்பக்கக் குழாய்கள் தேய்ந்து தட்டையாகியுள்ளனவா, ஒட்டு வைத்த இடங்களில் வெடிப்பு உண்டா, பின் அச்சு சுழலும்போது நெளிகிறதா என்று பார்த்தார். கார்ட்டில் வில்லுமில்லை, அதிர்வுதாங்கியுமில்லை. சட்டம் வளைந்து கொடுத்தே அந்த வேலையைச் செய்ய வேண்டும். பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருப்பதால், திரும்பும்போது உட்பக்கச் சில்லு சற்று மேலெழும்பினால்தான் வண்டி இலகுவாகத் திரும்பும். ஆகவே கோணிய சட்டம் என்றால், எஞ்சின் எவ்வளவு நல்லதாயினும் வாங்கக்கூடாது.

எஞ்சினிலும் ஒரு பாடம் இருந்தது. பந்தயத்துக்கான இரண்டு வீச்சு எஞ்சின் வேகமானது. ஆனால் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் ஓடியதும் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின், வயலில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் இனம். சத்தமும் செலவும் குறைவு, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டங்களில் கேட்ட அந்தச் சத்தமே எனக்குப் போதும் என்று தீர்மானித்தேன்.

இறுதியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று சிறுவர்க்கானது, மற்றது வளர்ந்தவர்க்கானது. விலையில் பெரிய வித்தியாசமில்லை. நான் பெரியதைக் காட்டினேன். வளருகிற பிள்ளை; சப்பாத்தையும் காற்சட்டையையும் அப்படித்தானே வாங்குகிறோம்? நண்பர் மகனை அதில் உட்காரச் சொன்னார். அவன் விலாவுக்கும் ஆசனத்துக்கும் இடையே தமது முழுக் கையையும் நுழைத்துக் காட்டினார்.

“இது இந்தப் பிள்ளைக்கு இல்ல. மூணு வருஷம் கழிச்சு வரப்போற பிள்ளைக்கு” என்றார்.

காரணத்தையும் சொன்னார். பந்தயக் கார்ட்டில் ஆசனப்பட்டி கிடையாது. ஓட்டுபவனைப் பிடித்து வைத்திருப்பது ஆசனந்தான். அது தளர்வானால் திருப்பத்தில் உடல் வழுக்கும், விலா அடிபடும், கால் பிரேக்கை எட்டாது. அவன் உடற்பாரமும் சட்டத்தில் சரியாக இறங்காது. நாளைக்காக வாங்கும் வண்டி இன்றைக்கு ஆபத்து.

நான் நெடுநேரம் பேசவில்லை. தூக்க முடியாததை வாங்காதே என்றார் என் தந்தை. நாளைக்குப் பயன்படாததை வாங்காதே என்று நான் வாழ்ந்து வந்திருக்கிறேன். இரண்டிலும் இன்றைக்கு இடமில்லை. 1983இல் ஒழுங்கையில் நின்ற பையனுக்கு இன்று மட்டுமே தெரிந்திருந்தது.

சிறியதையே வாங்கினோம். அதன் விலைக்குச் சற்றும் குறையாத கவனத்துடன் தலைக்கவசமும் வாங்கினோம். காலி வீதியில் ஓட்ட முடியாத வாகனம் அது. தொடர்மாடியின் மின்தூக்கியிலும் ஏறாது. நண்பரின் கராஜில், கொட்டாஞ்சேனையில் நிற்கிறது. ஞாயிறுகளில் சிறிய லொறியொன்றில் ஏற்றிக்கொண்டு ஓடுதடத்துக்குப் போகிறோம். ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கத்தை நான் பிடிக்கிறேன். மறுபக்கத்தை மகன் பிடிக்கிறான்.