நிலவுச் சீட்டில் ஒரு தாய்

நம் ஊர்க் கிளி ஜோசியக்காரர் கூண்டைத் திறந்ததும் கிளி ஒரு படச்சீட்டை எடுத்துப் போடுமே, 'டாரட்' என்பது அதற்கு மேல்நாட்டு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் விளையாட்டாகப் பிறந்தது. குறி சொல்வதெல்லாம் 18ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எனக்குக் குறியில் நம்பிக்கை கிடையாது. படம் போடுவதில் உண்டு! ஜாவாவில், யோக்யகர்த்தாவில் குடியிருக்கிறேன். அந்த ஊர்க் கதைகளை வைத்து ஒரு கட்டு வரையலாமே என்று, மத்தியானச் சமையல் முடிந்ததும் தினம் தூரிகையோடு உட்கார ஆரம்பித்தேன்.

சில சீட்டுகள் தாமாகவே அமைந்தன. பேரரசிக்கு நெல் தெய்வம் தேவி ஸ்ரீ. அசடனுக்கு செமார். பாண்டவர்களுக்கு ஊழியம் செய்யும் தொந்திக் கோமாளி, உண்மையில் தெய்வம். (வியாச பாரதத்தில் தேடாதீர்கள், ஜாவாக்காரர்கள் சேர்த்துக்கொண்டவர்!)

தகராறு வந்தது காதலர் சீட்டில்தான். "ஜாகா தாருபும் நவாங் வுலானும்தான்" என்றார்கள் எல்லோரும். கதை இதுதான். குளிக்க வந்த தேவலோகப் பெண்ணின் 'செலெண்டாங்' என்னும் மேல்துணியை ஜாகா தாருப் திருடி ஒளித்தான். பறக்க முடியாமல் போனவளை மணந்தான். ஒரே நெற்கதிரைப் பானையில் போட்டுக் குடும்பத்துக்கே சோறாக்குவாள் அவள். மூடியைத் திறக்காதே என்று சொல்லியும் அவன் திறந்தான், மந்திரம் போயிற்று. அன்றிலிருந்து அவளும் உரலும் உலக்கையும்தான். குதிரில் நெல் குறையக் குறைய, அடியில் கிடந்த துணி தெரிந்தது. எடுத்துக்கொண்டு பறந்தாள், கைக்குழந்தையை விட்டு.

"திருடிக் கட்டிக்கிட்டவன் காதலனா?" என்றேன்.

"கதையிலே போய் நியாயம் பார்க்கிறியே!" என்று சிரித்தார் என் கணவர்.

காதலர் சீட்டை, மாறுவேடத்தில் அலைந்து ஒருவரையொருவர் தேடிய பாஞ்சிக்கும் சந்திர கிரணாவுக்கும் கொடுத்துவிட்டேன். பாஞ்சி கதைச் சுவடிகள் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை, அவர்களுக்கும் குறைவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மனசு ஆறவில்லை. "அவளை விட்டுடாதேம்மா. ராத்திரியிலே பால் கொடுக்க இறங்கி வந்தாளே!" என்றார்.

வுலான் என்றால் நிலா. 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்த புகழ்பெற்ற கட்டில், நிலவுச் சீட்டில் நாயும் ஓநாயும் இருக்கும். என் சீட்டில் ஒரு குடிசை, குழந்தை, தாய். கிட்டே வரக்கூடாது என்று அவள் சொன்னபடி அவன் தூரத்தில், சிறியதாக.

ஜாவாத் தோல்பாவை பாணியில் முகம் பக்கவாட்டில்தான் வரவேண்டும். அப்படியானால் அவள் பார்ப்பது வானத்தையா, பிள்ளையையா? இரண்டு நாள் அதிலேயே போயிற்று. ஜாவாத் தாய்மார் குழந்தையை இடுப்பில் கட்டிக்கொள்வதும் செலெண்டாங்கில்தான். பறக்க வைத்த துணியாலேயே பிள்ளையை அணைத்துக் கட்டி, முகத்தைக் கீழே திருப்பினேன்.

பாதம்தான் பாக்கி. பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கால் மட்டும் தரையிலே படவேண்டாம்."

விரல் நுனிக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு நூலளவு வெள்ளை விட்டிருக்கிறேன்.