பின் சக்கரத்தில் நான் செய்த சூது

தேவாரத்தில் ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டி ஏன் கவிழ்கிறது என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். அப்படிப்பட்ட நான், தெரிந்தே ஒரு வண்டியை அடங்காத வண்டியாக வைத்திருக்கிறேன். பொம்மைக் கார்தானே என்று தள்ளிவிடப் பார்த்தேன், முடியவில்லை.

ரிமோட்டில் ஓடும் டூரிங் கார் அது. அசலில் பத்தில் ஒரு பங்கு. நான்கு சக்கரமும் இழுக்கும். ஜப்பானின் தமியா நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த டிடி-02. பெட்டியோடு வந்த ஷாக்கில் எண்ணெய் கிடையாது என்பதால் எண்ணெய் ஷாக் மாற்றினேன். அதுவரை நியாயம்.

பிறகு பின்பக்கம் மட்டும் விறைப்பான ஸ்பிரிங் போட்டேன். வளைவில் வண்டி சாயும்போது, எந்த முனை விறைப்போ அந்த முனையின் வெளிச் சக்கரத்தில்தான் பாரம் கூடுதலாக ஏறும். பாரம் இரண்டு மடங்கானால் டயரின் பிடி இரண்டு மடங்காகாது. உள் சக்கரம் விட்ட பிடியை வெளிச் சக்கரத்தால் ஈடுகட்ட முடியாமல் அந்த முனை வழுக்கும். டூரிங் காரின் பின் சக்கரங்கள் முன்னோக்கி லேசாக உட்பக்கம் திரும்பியிருக்கும், இரண்டு மூன்று டிகிரி. பட்டறையில் டோ-இன் என்போமே, அதுதான். வால் ஆடாமல் பிடித்துவைப்பது அது. அதற்கான துண்டை மாற்றி அதையும் குறைத்தேன். தேய்ந்த பின் டயரை அப்படியே விட்டேன். இனி வளைவின் நடுவில் விசையைப் பட்டென்று விட்டால் போதும். பாரம் முன்னுக்கு ஓடும், பின்பக்கம் சுற்றிக்கொள்ளும்.

எனக்குச் சுற்றாது. விரலை மெல்ல விடப் பழகியிருக்கிறேன். சிமென்ட் களத்தில் யார் கேட்டாலும் தாராளமாக ரிமோட்டைக் கொடுப்பேன். முதல் வளைவிலேயே கிறுகிறுவென்று சுற்றி நிற்கும். "அண்ணன் கைக்குத்தான்யா அடங்குது" என்பார்கள். அதைக் கேட்கத்தான் இவ்வளவும்.

ஆனால் விடியுமுன் மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகளில் நான் விளையாடியதில்லை. சாக்குலூத்து மெட்டு வழியாக ரோடு கேட்டுக் கேட்டு எங்கள் ஊருக்கு வாய் வலித்துவிட்டது. அது இல்லாமல் போடிமெட்டுப் பக்கம் சுற்றிப்போனால் 17 கொண்டை ஊசி வளைவுகள். கூரையில் மூட்டை ஏற்றாதே, ஒரு பக்க ஸ்பிரிங் பட்டை தொய்ந்தால் அன்றைக்கே மாற்று, இறக்கத்தில் நியூட்ரலில் வராதே என்று டிரைவர்களிடம் கத்துவேன். ஆள் இல்லாத காரில் யாருக்கு என்ன சேதம் என்பது என் சமாதானம்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் காசு சேர்த்துச் சொந்தமாகக் கார் வாங்கினான். "அண்ணே, உங்க செட்டிங்கையே எனக்கும் போட்டுக்குடுங்க" என்றான். போட்டுக்கொடுத்தேன், அச்சு அசலாக. சரியாகச் செய்துகொடுத்தால் என்னை முந்திவிடுவான் என்ற பயம். களத்துச் சுவரில் மோதி அவன் காரின் மேல்கூடு பிளந்தது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்தான். "பழகப் பழக வரும்டா" என்று முதுகில் வேறு தட்டினேன்.

அதன்பின் ஒருநாள், "ஸ்பிரிங்கு துரு ஏறிருச்சுடா" என்று பொய் சொல்லி, பின்பக்கம் மென்மையான ஸ்பிரிங் போட்டு, டோ-இன்னையும் திருப்பிவைத்துக் கொடுத்தேன். இப்போது சுற்றாமல் ஓட்டுகிறான். கை பழகிவிட்டது என்று என்னிடமே வந்து சொன்னான். ஆமாம் என்றேன். என் காரில் இன்னும் அந்த விறைப்பான ஸ்பிரிங்தான்.