மார்ச் 31-க்குப் பிறகு

பிப்ரவரி பிறந்துவிட்டால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) வேலை பார்ப்பவர்களுக்குப் போன் ஓயாது. "இன்னும் எவ்வளவு பாக்கி? எங்கே குடுக்கலாம்?" என்று அக்கவுண்ட்ஸிலிருந்து கேட்டபடி இருப்பார்கள். நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஆண்டில் 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி லாபமோ உள்ள நிறுவனம், மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். மார்ச் 31 நெருங்கும் அவசரத்தில் முதலில் நினைவுக்கு வருவது சக்கர நாற்காலிதான். மொத்தமாக வாங்கலாம், ஷாமியானா போட்டு வரிசையாக நிறுத்தலாம், போட்டோவிலும் நன்றாக விழும்.

ஒரே அளவில் வாங்கிய நாற்காலியில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனவருக்கு, சரியான மெத்தை இல்லாத இருக்கை சில மணி நேரத்திலேயே புண்ணைக் கொண்டுவரும். அந்தப் புண் ஆளையே கொல்லும். கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனமான அலிம்கோ, முதலில் அளவெடுப்பு முகாம், பிறகுதான் வழங்கும் முகாம் என்று வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஓடும். நிர்வாகத்துக்கு அது பிடிக்காது. என்னைக் கேட்டால், எங்கள் வேலையே அந்த மாதங்களில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டுப் பக்கம் மீனவர் குப்பங்களில் நாற்காலியின் சின்ன முன்சக்கரம் மணலில் புதைந்துவிடும். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஓர் அம்மா சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு சார், எங்க வாசப்படி ஏறாதே. ஒரு சாய்வு போட்டுக் குடுங்க." சிமென்ட் சாய்தளத்துக்கு நாற்காலியைவிடக் குறைவாகவே செலவாயிற்று. அதைத் திறந்துவைக்க யாரும் வரவில்லை.

கொடுத்த பிறகு நடப்பது வேறு கதை. டியூப் பஞ்சராகும். காதொலிக் கருவியின் பேட்டரி சில வாரங்களில் தீரும். பிள்ளை வளர வளரக் காதச்சை மாற்ற வேண்டும். இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை நீளும் 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு தீர்மானித்தால், மிச்சப் பணத்தை ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைக்கலாம். பழுது பார்ப்பவரின் சம்பளத்தையும் இதில் சேர்ப்பேன். 5 சதவீத வரம்புள்ள நிர்வாகச் செலவில் அதைத் தள்ள அக்கவுண்ட்ஸில் பார்ப்பார்கள். திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அந்த வரம்புக்குள் வராது என்று விதியைக் காட்டுவேன். ஆண்டுதோறும் இதே வாக்குவாதம்தான்.

கொடுத்ததோடு வேலை முடிவதில்லை என்று தெரிந்தவர்கள் சட்டம் இல்லாத காலத்திலும் இருந்தார்கள். அம்பத்தூரில் முருகப்பா குழுமம் 1966-இல் தொடங்கிய சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனை, கட்டித் திறந்ததோடு முடிந்திருந்தால் இன்று அதைப் பற்றிப் பேச எதுவும் இருக்காது. 2022 செப்டம்பரில் வந்த நிக்‌ஷய் மித்ரா திட்டம் எனக்குப் பிடித்ததும் இதனால்தான்: காசநோயாளியைத் தத்தெடுக்கும் நிறுவனம் குறைந்தது ஆறு மாதம் சத்துணவு தர வேண்டும். வழக்கமான சிகிச்சைக்கும் ஆறு மாதம். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியின் பெரிய ஆய்வு 1968-இல் தொடங்கிய திருவள்ளூர் வட்டாரத்துக்கு இந்த நோய் புதிதல்ல.

கிராமத்தில் தேவை கேட்கப் போனால் மருத்துவ முகாமைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "பையனுக்குக் கம்பெனில ஒரு வேலை போட்டுக் குடுங்க சார்" என்பதுதான் முதல் பேச்சு. எங்களிடம் மூன்று சக்கர வண்டி வாங்கிய ஓர் இளைஞரும் அதையே கேட்டார், ஐடிஐ முடித்தவர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. தனியாருக்கு ஊக்கச் சலுகையோடு நின்றுவிடுகிறது. அவர் வேலைக்கு வந்தால் கம்பெனி பஸ்ஸில் ஏற வழி செய்ய வேண்டும், கழிப்பறைக் கதவை அகலப்படுத்த வேண்டும். இதையெல்லாம் சிஎஸ்ஆரில் எழுத முடியாது. சொந்த ஊழியருக்கான செலவு அதில் சேராது. எனவே மனிதவளத் துறையின் பட்ஜெட்டில்தான் வர வேண்டும். அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.